பெண் வீட்டுக் கடலை பட்டர்

தனபால் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த பாதாம் பட்டர் பாட்டிலுக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். பக்தியால் அல்ல. தினமும் காலையில் முட்டை தின்று முடித்து ஆளுக்கு ஒரு ஸ்பூன் எடுத்ததும், மிச்சம் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தில் புவனா தன்னுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வெளிப்பக்கம் ஒட்டிவிடுவாள். மறுநாள் மட்டம் பொட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வீட்டில் திருடன் இருக்கிறான் என்று அர்த்தம்.

திருடன் இருக்கத்தான் செய்தார். புவனாவின் வீட்டுக்காரர் தனபால்தான் அது. கோயமுத்தூர் கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் ஷாஃப்டை மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுக்கிறவர் என்று பெயர். அந்தக் கைத்திறமையை வைத்துத்தான் பொட்டை நகத்தால் நோகாமல் உரித்து, புது மட்டத்தில் கோணல் இல்லாமல் ஒட்டிவந்தார். பசை போய்விட்டால் மாற்றுவதற்கென்று அதே நிறத்தில் ஒரு அட்டைப் பொட்டு பட்டறை மேஜை டிராயரில் கிடந்தது. கட்டிய பெண்டாட்டிக்குப் பயந்து பொட்டு வாங்கி ஒளித்துவைத்த ஆண்பிள்ளை கோயமுத்தூர் ஜில்லாவிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

புவனாவைக் குறை சொல்லவும் முடியாது. சர்க்கரை கண்டபடி ஏறிப்போய் டாக்டர் மிரட்டி அனுப்பிய அன்றைக்கே, இவருக்குத் துணையாக அவளும் சோற்றை விட்டாள். இட்லி போனது, தோசை போனது, அரிசிம்பருப்பு சாதம் போனது. மாவுச்சத்து இல்லாமல் முட்டை, பனீர், காய், பாதாம் என்று வண்டி ஓடியது. இவருக்குச் சர்க்கரை இறங்கியது. அவளுக்கு உடம்பே இறங்கியது. படி ஏறினால் மூச்சு வாங்கியவள், பழைய ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிகமாக நிற்க ஆரம்பித்தாள். லோ கார்ப் குரூப் ஒன்றில் சேர்ந்து, கொஞ்ச நாளில் அதில் மற்றவர்களுக்கு வழி சொல்கிற 'புவனா அக்கா' ஆனாள். காலையில் எழுந்தால் போனில் அவளிடம் சந்தேகம் கேட்டுக் குரல்கள் வரிசையாக நிற்கும். பீனட் பட்டர் ஆகுமா, முந்திரி பட்டர் ஆகாதா, ஒரு ஸ்பூன் என்றால் தலை தட்டியா, கோபுரமாகவா?

தலை தட்டித்தான் என்பாள் புவனா. வாயைக் கட்டத் தெரியாதவர்களைப் பார்த்தால் அவளுக்கு ஆகாது.

இவர்களுடைய மகன் சபரீஷுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அதிர்ந்து பேசாத பையன். அம்மா சொன்னால் சரி என்பான், அப்பாவைப் போலவே. தூரத்துப் பங்காளி தம்பிதுரைதான் தொண்டாமுத்தூர் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். பெண் பேர் லோகப்பிரியா. வடவள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா பேர் சென்னிமலை, தென்னந்தோப்புக்காரர். ஜாதகம் பொருந்தியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் காரில் கிளம்பினார்கள்.

காந்திபுரம் தாண்டும்போதே புவனா ஞாபகப்படுத்தினாள். "ஏனுங்க, அங்க போய் எதையாச்சும் எடுத்து வாயில போட்டுறாதீங்க. புடிச்சிருந்தா மறுக்கா போய் பேசி முடிச்சுபோட்டு அப்புறம் கை நனைச்சுக்கலாம்."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பேச்சு முடியாமல் கை நனைக்கக் கூடாது என்பது அவர்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். மென்று விழுங்குகிற எதைத் தொட்டாலும் பெண்ணை எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். தின்றுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொன்னவனைச் சாதிசனம் மனுசனாக மதிக்காது.

"எனக்குத் தெரியாதா?" என்றார் தனபால்.

போய்ச் சேர்ந்தபோது தம்பிதுரை வந்திருக்கவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் மாட்டிக்கொண்டேன், இதோ வாரேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வராமல் பெண்ணை அழைக்க முடியாது. சென்னிமலை வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு உபசாரம் பண்ணினார். முந்தாநாள் ஆனை புகுந்து வாழையை மிதித்துப் போட்டுவிட்டதால் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட முடியவில்லை என்று வருத்தப்பட்டார். தட்டில் தேங்காய் பர்பி, முறுக்கு, நேந்திரம் சிப்ஸ் எல்லாம் வைத்து நீட்டினார்.

"பேச்சு முடியட்டுமுங்க," என்று தனபால் கும்பிட்டார். "அதுமில்லாம நானு இதெல்லாம் தொடறதே இல்லீங்க. வாயைக் கட்டியாச்சு."

புவனா பெருமையாக அவரைப் பார்த்தாள்.

மத்தியானம் திரும்பியது. காலையில் வெண்ணெய் போட்ட ஒரு டம்ளர் காபி குடித்ததோடு சரி. தனபாலுக்குப் பசியில் காது அடைத்தது. முறுக்கைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அதில் ஒரு குழந்தை வெண்ணெய் தின்றுகொண்டிருந்தது. எழுந்து, கை கால் கழுவ வேண்டும் என்றார். பின்பக்கம் போகச் சொல்லி வழி காட்டினார் சென்னிமலை.

பெண்களெல்லாம் உள் அறையில் பெண்ணுக்கு அலங்காரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சமையலறையைத் தாண்டித்தான் குழாயடிக்குப் போக வேண்டும். போய் முகம் கழுவினார். திரும்பி வரும்போது அந்த வாசனை அவரைப் பிடித்து நிறுத்தியது.

வறுத்த நிலக்கடலை வாசனை. மேடை மேல், மூடி சரியாகத் திருகப்படாமல் ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. உள்ளே தளதளவென்று கடலை பட்டர். மேலே மெல்லிசாக எண்ணெய் மிதந்தது. பாட்டிலுக்குப் பொட்டு இல்லை.

ஒரு விரல்தான் என்று நினைத்தார். ஒரு விரல் தொட்டு நக்கியதைத் தின்றதாக யார் சொல்வார்கள்? உப்பு அளவாக, கடலை லேசாகக் கருக வறுபட்டு, நாக்கில் பட்டதும் கரையாமல் கொஞ்ச நேரம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. தனபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தது இரண்டு விரல். அப்புறம் விரல் கணக்கெல்லாம் விட்டுப்போனது. பாட்டிலைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கரண்டி தேடவும் பொறுமையில்லாமல், நாலு விரலையும் விட்டு வழித்து வழித்து வாயில் போட்டார். பட்டறை முதலாளி, வரப்போகும் சம்பந்தி, வெள்ளை வேட்டி சட்டை போட்டவர் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகமே இல்லை.

"ஸ்பூன் வேணுங்களா?"

நிலைப்படியில் பட்டுச்சேலையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்திருப்பாள் போல. தம்பிதுரை காட்டிய போட்டோவில் பார்த்த முகம்தான். போட்டோவில் இருந்ததைவிடப் பூசினாற்போல உடம்பு, சிரித்த கண்.

தனபால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதற்குள் விரலில் இருந்த பட்டர் வேட்டியில் இழுத்துவிட்டது. வாய் ஒட்டிக்கொண்டு பேச்சும் வரவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு நிலைமைக்கு ஆளாவதற்கு முன்னாலேயே நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்திருக்கக் கூடாதா என்று நிஜமாகவே நினைத்தார்.

"இல்லம்மணி... சும்மா... என்ன எண்ணெய் ஊத்தியிருக்குதுன்னு பார்த்தேன்."

"செக்கெண்ணெய் ரெண்டு சொட்டுங்க. எங்க தோட்டத்துக் கடலைதானுங்க. நான்தான் மிக்சில அரைச்சேன்." அவள் ஒரு ஸ்பூனை எடுத்து மேடையில் வைத்தாள். கேலி பண்ணுகிற மாதிரித் தெரியவில்லை. "நீங்களும் சோறு திங்கறதில்லீங்களா மாமா?"

"சர்க்கரைம்மணி. ஊட்ல லோ கார்ப்."

"எனக்குச் சர்க்கரையெல்லாம் இல்லீங்க. போன வருசம் பார்த்துட்டுப் போனவிய, பொண்ணு குண்டா இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. அன்னையிலிருந்து அம்மா எனக்குச் சோத்தை நிறுத்திப்போட்டாங்க. காலையில இதுல ரெண்டு ஸ்பூன், பொழுதோட ரெண்டு முட்டை. அப்படியே ஓடுதுங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

தனபால் பாட்டிலைப் பார்த்தார். பாதிக்குமேல் காலி. உள்பக்கம் பூராவும் அவருடைய விரல் தடம். ஒரு பெண் பசிக்குத் தின்ன வைத்திருந்ததை, அவளைப் பார்க்க வந்த இடத்தில் வழித்துத் தின்றிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"மீசைல ஒட்டியிருக்குதுங்க," என்று துண்டை நீட்டினாள். அவர் துடைத்துக்கொண்டார். "வெசனப்படாதீங்க மாமா. நீங்க கை நனைச்சது யாருக்கும் தெரிய வேண்டாமுங்க. நான் சொல்ல மாட்டேன். பேச்சு முடியறதுக்கு முந்தி தெரிஞ்சா உங்களுக்குத்தான் சங்கடம்."

அவள் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். 'அப்பா, மாமா சாப்பிட்டுட்டாருங்க' என்று சொல்லியிருந்தால் அந்த வீடு பூராவும் கூடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கும், இவர்களுக்கு மறுபேச்சே இருந்திருக்காது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் இவருடைய மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, தண்ணீரைக் குடித்துப் போய்விட்டாள். தனபாலுக்குப் பெரிய நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பற்றி அப்புறம் நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

தம்பிதுரை வந்தார். லோகப்பிரியா காபி கொண்டுவந்தாள். தனபாலிடம் தட்டை நீட்டும்போது முகத்தில் ஒரு அசைவு இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரையும் கொஞ்சம் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். தென்னை நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்; சபரீஷ் சத்தமாகச் சிரித்தது உள்ளே கேட்டது. அவன் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

கார் மெயின் ரோட்டில் ஏறியதும் புவனா ஆரம்பித்தாள்.

"புள்ள கொணத்துல ஒரு கொறையுமில்ல. ஆனா உடம்பைப் பாத்தீங்களா? இப்பவே இப்படின்னா, ஒரு கொழந்தை பொறந்தா என்னாகும்? ஊருக்கே உடம்பைக் கொறைக்கச் சொல்லிக் குடுக்கறவ ஊட்டு மருமக இப்படி வந்து நின்னா குரூப்புல எனக்கு என்ன மருவாதி இருக்கும்? வாயைக் கட்டத் தெரியாத புள்ளைங்க அது. பாத்தாலே தெரியுது."

"எனக்குப் புடிச்சிருக்குதுங்கம்மா," என்றான் சபரீஷ், ரோட்டைப் பார்த்தபடியே.

"உனக்கு என்னடா தெரியும்? இதைவிட நல்ல எடமா வரும், இரு."

அவன் கியரை மாற்றினான். புவனா பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்தாள். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

தனபாலின் வேட்டி மடிப்புக்குள் கடலை பட்டர் காய்ந்து விறைத்திருந்தது. தொடைமேல் கையை வைத்து அதை மறைத்துக்கொண்டிருந்தார். வாயைக் கட்டத் தெரியாதது அந்தப் பிள்ளை இல்லை, நான் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சொல்லியிருக்கலாம். யாரும் அடித்துவிட மாட்டார்கள்.

"நீ சொல்றதுதான் அம்மணி," என்றார்.

சாயங்காலம் தம்பிதுரைக்குப் போன் பண்ணுகிற வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம், வேறு ஜோசியர் பார்த்துச் சொன்னார் என்று ஒப்பித்தார். தம்பிதுரை நம்பவில்லை.

"சரி உடுங்க. உடம்புதான் காரணம்னு எனக்குத் தெரியாதுங்களா? அந்தப் புள்ள வருசமா ஒரு வாய் சோறு திங்காமக் கெடக்குது. அவங்கம்மா கிட்டப் போய் என்னன்னு சொல்லட்டும் நானு?"



அதற்கப்புறம் அவருக்குப் பட்டர் இறங்கவில்லை. பாதாமாவது, கடலையாவது, ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் அந்தத் துண்டை நீட்டிய கைதான் தெரிந்தது. புவனா போனபிறகு ஸ்பூனில் இருந்ததைத் திரும்பப் பாட்டிலிலேயே வழித்துவிட்டார். பட்டறையில் கடைசல் பிசகியது. கூட வேலை பார்க்கிற காளிச்சாமி, உடம்புக்கு முடியலைங்களா என்று கேட்டார். மானக்கேடு என்பது நாலு பேர் பார்த்தால் மட்டும் வருவது என்று அதுவரை நினைத்திருந்தார். ஒருத்தி பார்த்து, பார்க்காத மாதிரி இருந்துவிட்டாலும் எப்படி அறுக்கும் என்று இப்போது தெரிந்தது.

பாட்டில் முன்போலச் சீக்கிரம் காலியாகவில்லை என்பதைப் புவனா கவனித்தாள். சில நாள் மட்டம் பொட்டுக்கு மேலேயே நின்றது. எடை பார்க்கிற மிஷினில் நிற்கவைத்துப் பார்த்தாள். எடை நன்றாகவே குறைந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் வீட்டுக்காரர் ஆசையை வென்றுவிட்டார் என்று குரூப்பில் போட்டாள். சர்க்கரை வந்து நொந்துபோய்ப் புதிதாகச் சேர்ந்திருந்த அஃப்ஷீன் என்கிற பெண், 'அண்ணாவைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியமே வருது' என்று பதில் எழுதியிருந்தாள். அதை அவருக்குப் படித்தும் காட்டினாள். தனபால் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

பெண் பார்த்து ஒரு மாதம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, குரூப்புக்கு ஒரு வீடியோ எடுத்துப் போட வேண்டும் என்றாள். சபரீஷ் போனைப் பிடித்துக்கொண்டான். தனபாலைச் சோபாவில் உட்காரவைத்து, பாட்டிலைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, டிவிக்காரி மாதிரி கேட்டாள். "சொல்லுங்க. இத்தனை ருசியான பட்டரைக் கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டு, ஆசையை எப்படிக் கட்டுப்படுத்தினீங்க?"

தனபால் போனைப் பார்த்தார். அந்தப் பக்கம் அஃப்ஷீன் இருக்கிறாள் என்று நினைத்தார்.

"நான் கட்டுப்படுத்தலைங்க," என்றார். "இந்தப் பொட்டை எத்தனையோ நாள் நான்தான் எறக்கி எறக்கி ஒட்டினேன். ஊட்டுக்காரிக்குத் தெரியாது."

புவனா சிரித்தாள், விளையாடுகிறார் என்று.

"தொண்டாமுத்தூருக்குப் பொண்ணு பார்க்கப் போனமுல்லங்க, அங்க சமையக்கட்டுல பூந்து அந்தப் புள்ளையோட கடலை பட்டரை விரல்ல வழிச்சுத் தின்னுபோட்டேன். அந்தப் புள்ள பார்த்துருச்சு. பார்த்தும், யாருகிட்டயும் சொல்லாம, தொடைச்சுக்கறதுக்குத் துண்டு குடுத்துச்சு. அதைத்தான் நாங்க குண்டா இருக்குதுன்னு வேண்டாம்னு சொல்லிப்போட்டோம். அதுல இருந்துதான் எனக்கு இது எறங்க மாட்டேங்குது. வேற ஒண்ணுமில்லீங்க."

"நிறுத்துடா அதை," என்றாள் புவனா.

சபரீஷ் நிறுத்தினான். "கை நனைச்சீங்களாப்பா?" என்று கேட்டான். அவன் குரல் அப்படி உயர்ந்து தனபால் கேட்டதில்லை. "கை நனைச்சுபோட்டா ஜாதகம் இடிக்குதுன்னு போன் பண்ணுனீங்க?"

புவனா கத்துவாள் என்று தனபால் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். முகம் செத்துப்போயிருந்தது. எடை குறைவதும் கூடுவதும் அவளுக்கு இப்போது வந்த கவலை. தின்ற வீட்டுக்குத் துரோகம் பண்ணக் கூடாது என்பது அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அங்க வரட்டுமுங்க?" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் போங்க. உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, பேசி முடிச்சுபோட்டு வாங்க. குண்டோ ஒல்லியோ, அதுதான் இந்த ஊட்டு மருமக. பொறகு நான் வாரேன்."

அப்பாவும் மகனும் அப்போதே கிளம்பினார்கள். வழி நெடுகச் சபரீஷ் வண்டியைக் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினான். வடவள்ளி தாண்டும்போது தானாகவே, "அவங்க நல்லாப் பேசுனாங்கப்பா," என்றான்.

சென்னிமலை அவர்களைப் பார்த்ததும் திகைத்தாலும் 'வாங்க வாங்க' என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தனபால் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கடலை பட்டரைச் சொன்னார், ஜாதகம் என்று சொன்ன பொய்யைச் சொன்னார். சொல்லச் சொல்லக் காது மடல் எரிந்தது. நடுவில் லோகப்பிரியாவின் அம்மா வந்து கதவோரம் நின்றதைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தரையைப் பார்த்தே மிச்சத்தையும் சொல்லி முடித்தார். கடைசியில் இரண்டு கையையும் கூப்பினார்.

"கை நனைச்ச ஊடுங்க இது. புள்ளைய எங்களுக்குக் குடுங்க."

சென்னிமலைக்கு முதலில் கோபம் வந்தது போலிருந்தது. அப்புறம் தின்ற கதையை நினைத்தாரோ என்னவோ, தோளிலிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். அந்த அம்மாளின் முகத்தில் விளக்கேற்றின மாதிரி ஒரு தெளிவு. தவறு யாருக்குத்தான் இல்லை, வந்து சொன்னதே பெரிசுங்க என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் மகளைக் கூட்டிவந்தாள். லோகப்பிரியா சுடிதாரில் இருந்தாள், கையில் சிவப்பு மை. ஞாயிற்றுக்கிழமையும் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்திருப்பாள். முன்னைக்கு இளைத்துத்தான் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அம்மணி, மாமா சொன்னதெல்லாம் கேட்டுச்சா?" என்றார் சென்னிமலை. "நீ என்ன கண்ணு சொல்ற?"

"கேட்டுச்சுங்கப்பா." அவள் தனபாலைப் பார்த்துத்தான் பேசினாள். "உங்க மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க மாமா. பசிச்சுச்சு, தின்னீங்க. அதுல என்னங்க தப்பு? வந்து சொன்னதும் பெரிய மனசுதான். ஆனா எனக்கு இது வேண்டாமுங்க."

"அம்மணி!" என்றாள் அம்மா.

"இரும்மா. அன்னைக்கு மாமா கையை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சாரில்ல, அதை நெனைச்சு நெனைச்சுப் பார்த்தேன். அந்த ஊட்டுக்கே பெரியவருங்க அவரு. அவரே ஒளிஞ்சு நின்னுதான் ஒரு வாய் திங்கோணும்னா, நான் அங்க வந்து எங்க நின்னு திங்கறதுங்க?"

சென்னிமலைதான் சமாளித்து, சின்னப் பிள்ளை, யோசிக்காமல் பேசுகிறாள் என்று இழுத்தார்.

"வையாதீங்க," என்றார் தனபால். "புள்ள சொல்றது செரிதானுங்க."

சபரீஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். லோகப்பிரியா அவன் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். அவன் அப்பாவைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது தொண்டாமுத்தூரைத் தாண்டுவதற்குள் புவனாவின் போன் வந்தது. கார் ஸ்பீக்கரில் அவள் குரல் பெரிசாகக் கேட்டது.

"ஒத்துக்கிட்டாங்களாங்க?"

தனபால் நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னார். அப்புறம் புவனா கேட்டாள், அவர் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு என்னையக் கண்டுதான் பயமாங்க?"

எப்போதும் போல ஆமாம் என்றோ இல்லை என்றோ அவளுக்கு எது தோதோ அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தனபால் கொஞ்சம் யோசித்தார்.

"உன்னையக் கண்டு இல்ல அம்மணி," என்றார். "என்னையப் பார்த்துத்தான்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சபரீஷ் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னையும்தான்னு சொல்லுங்கப்பா," என்றான்.